சோலைநகரில் எண் கொடுத்த கதை

“ஒரு போனுக்கு ஒரே நம்பர்தான் சார். மூணு வழியா வந்தாலும் அதே நம்பர். ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாது.”

வைஃபை பெட்டி மாட்ட வந்த பெண் ஏணியில் நின்றபடி, மாட்டிய பெட்டி வழியாகவே தன் அலுவலகத்தோடு பேசியது இது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நாச்சியப்பன் காதில் விழுந்துவிட்டது. அவருக்கு மட்டும் அன்று காது அடைத்திருந்தால் சோலைநகர் நிம்மதியாக இருந்திருக்கும்.

“எல்லாம் முடிஞ்சுது ஐயா. இனிமே பெட்டியே பாத்துக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிக்க ஓடினாள். குடியிருப்போர் சங்கத் தலைவர் வைரவன் உடனே ஏறிப் பெட்டியைச் சங்கக் கூடத்துப் பக்கமாகத் திருப்பி வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்படிப் பார்த்துக்கொள்ளும்?

நாச்சியப்பனுக்கு அன்று பெரிய காரியம் ஒன்று இருந்தது. மஸ்கட்டில் மகள் மீனாளுக்குப் பெண் குழந்தை. மாலை நாலரையோடு முடியும் நல்ல நேரத்துக்குள் அவர் போனில் வந்து, பேத்தியின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். சோலைநகருக்குள் செல்போன் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தப் பெட்டியை விட்டால் வேறு கதி கிடையாது. எனவே, காதில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் சங்கத்தில் ஒப்பித்தார்.

“மூணு வழின்னா நம்ம கூடத்தோட மூணு வாசல்தான்” என்றார் வைரவன். “பொண்ணு எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கு. நாம நம்பர் குடுத்தாத்தான் பெட்டி போனை உள்ள விடும்.”

வாசலுக்கு ஒருவராக நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். நாச்சியப்பன் தன் போனை ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வாசலாக நுழைந்தார். தலைவர் என்பதால் வைரவன் 1 கொடுத்தார். பொருளாளர் சொக்கலிங்கத்துக்கு 8 எழுத வரும், அதைக் கொடுத்தார். செயலாளர் உமையாள் ஆச்சி தன் வீட்டு எண்ணான 4 கொடுத்தார்.

நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்த சொக்கலிங்கத்தின் முகம் மாறியது. “ஒரு போனுக்கு ஒரு நம்பர். இங்க மூணு நம்பர் இருக்கு. அப்ப மூணு போன் வந்திருக்கு. மத்த ரெண்டும் எங்கண்ணே?”

நாச்சியப்பன் சட்டைப்பையைத் தடவினார். “காலையில ஒண்ணுதானப்பா வச்சிருந்தேன்.”

“கிடைச்சதும் தொலைஞ்சிருக்கு” என்றார் வைரவன் வருத்தத்தோடு.

நாற்காலிகளைப் புரட்டினார்கள். சொக்கலிங்கம் தண்ணீர் டிரம்முக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினார். அந்த இரண்டு போன்களையும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே என்று நாச்சியப்பன் அங்கலாய்த்தார். மணி நாலைத் தாண்டியது.

ஆச்சிதான் வழி கண்டுபிடித்தார். “மூணு பேர் நிக்கிறதாலதானே மூணு நம்பர்? மூணு வாசல்லயும் நானே நிக்கிறேன்.”

அப்படியே செய்தார்கள். நாச்சியப்பன் கிழக்கு வாசலுக்குப் போனால், ஆச்சி மேற்கே போயிருந்தார். மேற்கே போனால், அவரைத் தேடி ஆச்சி பின்வாசலுக்குப் போயிருந்தார். கூடத்தை ஏழு சுற்றுச் சுற்றி, எட்டாவது சுற்றில் இருவரும் மோதிக்கொண்டார்கள். மூச்சு வாங்கியபடியே ஆச்சி 4 என்று எழுதிப் போன் திரையில் ஒட்டினார். அந்த நேரம் போன் அடித்தது.

“நம்பர் குடுத்ததும் உள்ள விட்டுருச்சு பாத்தியா!” என்று பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார் வைரவன்.

“அப்பச்சி! எவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருக்கிறது? நீங்க கூப்பிடவே இல்லையே?” என்றாள் மீனாள். “நேரம் முடியப் போகுது. நம்ம அப்பத்தா பேரைச் சொல்லுங்க.”

“உமை…” என்று ஆரம்பித்தார் நாச்சியப்பன். வைரவன் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

“அண்ணே, அது குடுத்தாச்சு!” என்று ஆச்சியைக் காட்டினார். “ஒருத்தருக்குக் குடுத்ததை இன்னொருத்தருக்குக் குடுக்கவே கூடாது. நீங்கதானே கேட்டுட்டு வந்து சொன்னீங்க?”

எல்லோரும் ஆச்சியைப் பார்த்தார்கள்.

“புள்ளைக்கு 8 வச்சிரலாமே? சும்மாதான் கிடக்கு” என்றார் சொக்கலிங்கம்.

“எங்க ஆத்தா பேருய்யா அது” என்றார் நாச்சியப்பன்.

“அப்பச்சி, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு! அங்க என்ன நடக்குது?”

ஆச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அறுபத்திரண்டு வருஷம் வச்சுக்கிட்டேன். போதும், நாச்சியப்பண்ணே. நான் திருப்பிக் குடுத்துர்றேன்.”

நோட்டில், ‘பெயர் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட்டால் பெயர் மறுபடி அவரிடமே வந்துவிடும் என்று சொக்கலிங்கம் எச்சரித்தார். எம்.ஏ. படித்த ஆச்சி கைநாட்டு வைத்தார்.

நாலு இருபத்தொன்பதுக்கு நாச்சியப்பன் போனருகில் குனிந்து, “உமையாள், உமையாள், உமையாள்” என்றார். மஸ்கட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. சோலைநகரில் நாலு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆச்சி நாற்காலியில் ஏறி, தன் வீட்டு வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகையைக் கழற்றினார். நாச்சியப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆச்சி அதைப் புளி போட்டுத் தேய்த்து, பழைய துண்டில் சுற்றி, மஸ்கட் விலாசம் எழுதிப் பார்சலில் அனுப்பினார்.