சிவப்புப் பொத்தான் வைத்த சட்டை

காவிரிப் படித்துறையில் பரிகாரம் செய்கிறவர்கள் ஒரு துணியை ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். ஆறு அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? இரண்டு திருப்பம் தள்ளிக் கரையில் ஒதுக்கிவிடும்.

அந்தத் துணிகளைப் பொறுக்கி, வேகவைத்து, கோயில் குப்பையில் கிடக்கும் சாமந்தியால் சாயம் ஏற்றி, ஒன்றோடொன்று தைத்துப் பெரிய சுவர்த்திரைகள் செய்தாள் மாதேவி. அவளுக்கு வயது முப்பத்தேழு. அவளுடைய ஒரே சீடர் சடையப்பனுக்கு அறுபத்தொன்று. பாலங்கள் கட்டி ஓய்வு பெற்ற ஓவர்சியர்.

பட்டறையில் சட்டம் ஒன்றுதான். பழந்துணியை, பழந்துணியிலிருந்து உருவிய நூலால்தான் தைக்க வேண்டும்.

"அது இழுத்தா அறுந்துடுங்களே அம்மா. பலமான நூல் போட்டா என்னங்க?" என்று முதல் நாளே கேட்டார் சடையப்பன்.

"தைங்க சார்," என்றாள் மாதேவி.

தைத்தார். ஆனால் கட்டிய பாலம் ஒன்றுகூட விழாத மனிதர். கை கேட்குமா? தன் பங்குத் துண்டுகளை மீன்வலை நைலானால் இறுக்கித் தைத்து, மேலே பருத்தி நூலை ஓட்டி மறைத்தார். குருவிடம் சொல்லவில்லை.

ஆடி அமாவாசையன்று திரை முடிந்தது. வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் கோவைக் கண்காட்சிக்கு எடுத்துப்போக வண்டி வரும். சடையப்பனின் பெயரும் அதில் முதன்முதலாக இருக்கும். அவர் காலையிலிருந்து மூன்று முறை சவரக் கண்ணாடி பார்த்துவிட்டார்.

ஆற்றில் குளித்துவிட்டு வந்த ஒரு பெண் திரைக்கு முன்னால் நின்றாள். ஈரத்தலை சொட்டச் சொட்ட நின்றாள்.

"இது என் பையன் சட்டைங்க."

கைக்குழந்தைச் சட்டை. மஞ்சள் ஏறியிருந்தது. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு.

"அந்தப் பொத்தான் நான் வெச்சதுங்க. அவன் போனப்புறம் தை மாசம் கொண்டாந்து ஆத்துல விட்டேன். விட்டாத்தான் அடுத்தது தங்கும்னாங்க. மத்ததையெல்லாம் எரிச்சுப்போட்டாங்க. வூட்டுல அவனுதுன்னு ஒண்ணுமில்லீங்க. குடுத்துருங்க."

"ஆத்துல விட்டது ஆத்தோட போச்சுங்கம்மா. நாளைக்கு வண்டி வருது," என்றார் சடையப்பன். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் நகரவில்லை. சட்டையின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதேவி உள்ளேயிருந்து வந்தாள். சட்டைக்குச் சற்றுத் தள்ளித் தான் தைத்திருந்த வேட்டித் துண்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். நூல் பட்பட்டென்று அறுந்தது. துண்டு முழுசாகக் கையோடு வந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"சட்டைய நீங்க எடுத்துக் குடுங்க சார்."

சடையப்பன் சட்டையைத் தொட்டார். இழுக்கவில்லை.

"கத்திரி வேணுங்கம்மா."

மாதேவி அவரைப் பார்த்தாள். கத்திரியை எடுத்துக் கொடுத்தாள்.

நைலான் நைந்த துணிக்குள் புதைந்து கிடந்தது. ஒவ்வொரு தையலாகத் தேடி வெட்டினார். அந்தப் பெண் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்று வெள்ளத்தில் தூண் நிறுத்திய நாளில்கூட அவருக்கு இப்படி வேர்த்ததில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று பக்கம் விட்டது. நாலாவது பக்கத்தில், அக்குளுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முடிச்சு பாக்கி. கத்திரி முனை உள்ளே போகவில்லை. மெல்ல இழுத்துப் பார்த்தார்.

நூல் நின்றது. சட்டை கிழிந்தது.

ஒரு விரல் நீளம் இருக்கும். அந்தப் பெண் சட்டையை வாங்கி, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் தெச்சுத் தர்றேனுங்க," என்றார் சடையப்பன்.

"வேண்டாங்க. நானே தெச்சுக்கறேன்."

அவள் போய்விட்டாள். திரையில் சட்டை இருந்த இடத்தில் ஓட்டை இருந்தது. சடையப்பன் கத்திரியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"நூறு வருஷம் நிக்கட்டும்னுதானுங்கம்மா அப்படித் தெச்சேன்."

மாதேவி தோளில் கிடந்த துண்டை மடித்தாள்.

"அந்தம்மா ஆறே மாசத்துல வந்துட்டாங்களே சார்."