எனக்கேற்ற கூட்டம்

“எனக்கேற்ற கூட்டம் இந்த ஊரில் இல்லை, டாக்டர்” என்றார் வைரவன்.

வசுமதி நிமிரவில்லை. ஒரு நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கால்நடை மருத்துவர். ஒரு காலத்தில் மருந்து அலமாரிக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைத்துக் குடித்தவள். விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

அவர் வழக்கறிஞர். அவளைவிட மிகவும் மூத்தவர். சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது, குடியை விட்ட ஒருவரைத் துணைக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் வசுமதியைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவரிடம் சொன்னது ஒன்றுதான். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் ஊரில் நடக்கின்றன, ஏதாவது ஒன்றில் போய் உட்காருங்கள்.

அவர் எல்லாவற்றுக்கும் போனார். எதற்கும் மறுமுறை போகவில்லை.

மாதா கோயில் கூடத்தில் ஜெபம் அதிகம் என்றார். கிளப்பில் கூடுகிறவர்கள் அழுவதைக்கூட ஆங்கிலத்தில் அழுகிறார்கள். மில் பக்கத்தில் ஒரே ஆள் பேசிக்கொண்டே இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நடப்பதில் பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கானது, முட்டி இடிக்கிறது.

நீதிமன்றத்தில் வாதாடுவதுபோலவே சொன்னார். சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

சொல்லாதது ஒன்று இருந்தது.

பள்ளிக்கூடக் கூட்டத்தில் பிச்சைமுத்து உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடும் டவாலி. வைரவன் போதையில் நீதிமன்ற வராந்தாவில் விழுந்து கிடந்த அன்று, அவரைத் தூக்கி நிறுத்தி, கறுப்புக் கோட்டில் இருந்த வாந்தியைத் துடைத்துவிட்டவர். அந்த முகத்தைப் பார்த்ததும் வைரவன் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

“குடிச்சீங்களா சார்?” என்று கேட்டாள் வசுமதி.

“இன்னும் இல்லை.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

நாய் போனது. அடுத்து ஓர் ஆள் ஆட்டோடு வந்தார். பெயர் பொன்னுத்துரை, லாரி ஓட்டுகிறவர். ஆட்டுக்கு மூன்று நாளாகக் கழிச்சல்.

ஊசி போடும்போது ஆட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவரால் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கியது.

வசுமதி அந்தக் கையைப் பார்த்தாள். மெதுவாக விசாரித்தாள். குடிக்காகப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தாராம். நேற்றுதான் விட்டார்களாம். கொடுத்த மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள்கிறாராம்.

“ஆடு இங்க இருக்கட்டும், டிரிப் ஏத்தணும்” என்றாள்.

பிறகு வைரவன் பக்கம் திரும்பினாள். “சார், இவருக்கு ஏத்த கூட்டம் எதுன்னு சொல்லுங்க. எல்லாத்தையும் பாத்தவர் நீங்கதான்.”

வைரவன் உற்சாகமானார். பொன்னுத்துரையை உட்காரவைத்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். இங்கே இது குறை, அங்கே அது குறை. பொன்னுத்துரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கேட்டார். “இதுல எங்க போனாலும் என்னைய உள்ள விடுவாங்களா சார்?”

“விடுவாங்க.”

“அப்ப, இப்ப எது சார் நடக்குது?”

வைரவன் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வீட்டுக்குப் போற வழியில கடை இருக்கு சார். ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்ததால கடந்து வந்துட்டேன். இப்ப வெறுங்கையா நிக்கிறேன்.”

அந்தச் சாயங்காலம் நடப்பது ஒரே ஒரு கூட்டம்தான். பள்ளிக்கூடத்தில்.

வைரவன் வசுமதியைப் பார்த்தார். அவள் ஸ்டாண்டில் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க” என்று எழுந்தார்.

கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அங்கே பொன்னுத்துரையின் நடை தளர்ந்தது. வைரவன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடை பின்னால் போன பிறகும் அவர் பிடியை விடவில்லை.

வகுப்பறை வாசலில் வைரவன் நின்றார். உள்ளே பிச்சைமுத்து இருந்தார்.

பிச்சைமுத்து பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார். “வாங்க சார்” என்றார்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பொன்னுத்துரையின் முறை வந்தபோது அவர் எழுந்தார். பெயரை மட்டும் சொன்னார். அதற்கு மேல் குரல் வரவில்லை. தப்பு செய்துவிட்டவர்போல எல்லோரையும் பார்த்தார். வாசலையும் பார்த்தார்.

வைரவன் பக்கத்தில் எழுந்து நின்றார்.

என்ன பேசுவது என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. வராந்தாவைப் பற்றிச் சொன்னார். கோட்டைப் பற்றிச் சொன்னார். தன்னைத் தூக்கிய மனிதரைப் பார்த்ததும் இங்கிருந்து ஓடிப்போனதையும் சொன்னார். பிச்சைமுத்து தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னுத்துரை மெல்ல உட்கார்ந்தார்.

அவர்கள் மருத்துவமனைக்குத் திரும்பி வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆடு எழுந்து நின்று தழை தின்றுகொண்டிருந்தது.

பொன்னுத்துரை கயிற்றை வாங்கிக்கொண்டார். நாளைக்கு எங்கே வந்து நிற்கட்டும் என்று வைரவனிடம் கேட்டார். இங்கேயே வந்துவிடுங்கள், சேர்ந்து போகலாம் என்றார் வைரவன்.

வசுமதி கை கழுவிக்கொண்டே கேட்டாள்.

“கூட்டம் எப்படி இருந்துது சார்?”

வைரவன் யோசித்துப் பார்த்தார்.

“கவனிக்கலை, டாக்டர்.”