இழுத்து நடந்த கால்

சர்ர்ர்… தொம். சர்ர்ர்… தொம்.

வேலிக்கு அப்பால் யாரோ ஒரு காலை மணலில் இழுத்து, மறுகாலை ஊன்றிப் போகிற சத்தம். பச்சிலை இடித்துக்கொண்டிருந்த ஆவுடையப்பனின் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த வைத்தியச்சி குருவம்மையிடம் சொன்னார்.

"இதே சத்தம்தான் அம்மா. என் தம்பி வீடு எரிந்த அன்று புகைக்குள் இதைத்தான் கேட்டேன்."

வேலிப் படலுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. பனையேறி கொம்பையா. இருபுறமும் அரண்மனைக் காவலர். பத்து நாளாக விசாரணைக்கு இந்த வழியாகத்தான் நடத்திப் போகிறார்கள். தீ வைத்தவன் அவன்தான் என்று சொல்ல ஒரே சாட்சி ஆவுடையப்பன். நாளை சபையில் சொல்லிவிட்டால் தூக்கு.

குருவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். தம்பி கருகிச் செத்தபின் நெஞ்சு ஆறாமல் அவளிடம் சீடராய் வந்து சேர்ந்தவர் அவர்.

"சத்தம் மட்டும்தான் கேட்டீரா?"

"ஆளையும் பார்த்தேன். வலது காலை இழுத்துக்கொண்டு ஓடினான். கண்ணை மூடினால் இப்பவும் ஓடுகிறான்."

"தீப்பிடித்த நாலாம் நாள், பிடிபட்டபோது காவலர் முறித்த கால் அது. கட்டுப் போட்டது நான். அதுவரை அந்தக் காலுக்கு ஒரு குறையும் இல்லை. நீர் இடிக்கிற இலையும் அதற்குத்தான்."

ஆவுடையப்பன் உலக்கையைப் பார்த்தார்.

"தீக்கு முந்தின நாள் பதனீர் குடித்தீரே, யார் இறக்கியது?"

"கொம்பையாதான். குளத்தங்கரை ஒற்றைப் பனையில்."

"எப்படி ஏறினான்?"

அவர் கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்து முகம் தெளிந்தது.

"இப்போதுதான் ஞாபகம் வருகிறது அம்மா. அன்றைக்கே அவனால் முடியவில்லை. பாதி மரத்தில் நின்று முழங்காலைத் தேய்த்தான். ‘என்னடே, வயசாகிப்போச்சோ’ என்று நான்கூடக் கேலி பண்ணினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரித்தான்."

குருவம்மை காலுக்குக் கட்டும் துணியை மடித்து வைத்தாள்.

"இதையும் நாளைக்குச் சொல்லும். கேலியை விடாதேயும், சிரிப்பையும் விடாதேயும். ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். இப்போது முளைத்த ஞாபகத்தை நீரே சந்தேகப்படவில்லையே."

வெளியே காலின் சத்தம் தேய்ந்துகொண்டே போய் நின்றது.

உரலில் இலை பாதி மசிந்து கிடந்தது. ஆவுடையப்பன் உலக்கையை எடுத்தார்.