கைக்கு ஒரு ஆள், கண்ணுக்கு ஒரு ஆள்

எங்கள் கோணப்பாறையில் அறிவுக்குப் பஞ்சம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நம்ப வேண்டாம். அறிவு இருக்கிறது. சமயத்துக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை. இது எங்கள் ஊர் நாலு பேரின் கதை. நால்வரில் ஆவுடையப்பன்தான் தலைவன். அவனைத் தலைவனாக்கினார்கள் என்றால் மற்ற மூவரின் லட்சணம் உங்களுக்கே புரியும். இதை நான் சொல்லவில்லை, அவனே வாய்விட்டுச் சொல்லுவான்.

விவகாரம் பஸ்ஸில் ஆரம்பித்தது. காலை ஆறரை மணி பஸ், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் தவறாமல் நிற்கும், அங்கே ஒரு டீக்கடை இருந்தவரைக்கும். டிரைவர் இறங்கி டீ குடிப்பார், அதற்குள் ஊர் ஏறிக்கொள்ளும். டீக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மறுநாளிலிருந்து பஸ் நிற்கவில்லை. எங்கள் ஆட்கள் பத்துப் பேர் விலக்கில் வரிசையாக நின்று, மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்ப்பார்கள். பஸ் அவர்களைத் தாண்டிப் போகும். "இன்னைக்கும் நிக்கலையே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவார்கள்.

ஆவுடையப்பன் மனைவி கோமுவால் அப்படித் திரும்ப முடியாது. அவள் கத்தரிக்காய்க் கூடையைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். அடுத்த நிறுத்தம் மூன்று மைல் தள்ளி இருக்கிறது. இரண்டு மாதம் தலைச்சுமையோடு நடந்தாள். ஒருநாள் சாயங்காலம் கழுத்தில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்களும் உங்க கூட்டாளிகளும் போயி பஸ் ஆபீசுல பேசிட்டு வாங்க. பஸ்சு நிக்கலன்னா இனிமே கூடைய நீங்கதான் சுமக்கணும்."

அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தபோது ஆவுடையப்பனுக்கு நிஜமாகவே மனசு சங்கடப்பட்டது. கூடையை நினைத்தும் கொஞ்சம் சங்கடப்பட்டது.

மறுநாளே பிச்சுமணி, சங்கிலி, கொண்டல்சாமி மூவரையும் கூட்டிக்கொண்டு பஸ் டெப்போவுக்கு நடந்தான். வழி நெடுகப் பேச்சைத் தயார் செய்தான். மேனேஜர் அறைக்குள் நுழைந்ததும், மேஜையைப் பார்த்தான், மேஜைக்குப் பின்னால் இருந்த மீசையைப் பார்த்தான், பேச்சு போன இடம் தெரியவில்லை.

"என்ன விஷயம்?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

நால்வரும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். "மனுசன் தங்கமானவரு" என்றான் பிச்சுமணி. ஆவுடையப்பன் டெப்போ சுவரில் தலையை முட்டிக்கொண்டான். முட்டிய இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேசத் தயக்கமா, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள், கட்டணம் கிடையாது என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் முன்வரிசையில் இருந்தார்கள். பயிற்சி கொடுத்தவர் பரிமளா டீச்சர். கணீரென்ற குரல்.

"எதிர்ல இருக்கிறவங்க கண்ணைப் பாருங்க. அவங்க பேசும்போது குறுக்க பேசாதீங்க, கேக்கிறோம்னு தெரியிற மாதிரி தலையை ஆட்டுங்க. வாய் மட்டும் பேசினா பத்தாது, கையும் கூடவே பேசணும். முக்கியமான இடம் வந்தா நிறுத்தி, மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுங்க. தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க."

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு குற்றமும் கிடையாது. கேட்டது நாங்கள் என்பதுதான் குற்றம்.

ஆவுடையப்பன் திங்கட்கிழமை காலையில் கண்ணாடி முன்னால் நின்றான். வாயைத் திறந்தான். கண்ணாடியில் இருந்தவனும் வாயைத் திறந்தான். அவன் ஏதோ சொல்ல வருகிறான், குறுக்கே பேசக்கூடாது என்று இவன் வாயை மூடினான். அவனும் மரியாதை தெரிந்தவன், மூடிக்கொண்டான். சரி, நாமே ஆரம்பிப்போம் என்று இவன் திறந்தான். அவனும் திறந்தான். கோமு சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போதும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பேசுனீங்க?" என்றாள் கோமு.

"இன்னும் அவரு முறை முடியல" என்றான் ஆவுடையப்பன்.

அன்றைக்கு நால்வரும் கோயில் வாசலில் கூடினார்கள்.

"கண்ணப் பாத்தா பேச்சு மறக்குது. கைய ஆட்டுனா தலை நின்னுருது. தலைய ஆட்டுனா எண்ணிக்கை தப்புது. எல்லாத்தையும் ஒருத்தன் செய்யணும்னா அவனுக்குத் தனியா அறிவு வேணும்வே. அதுக்கு நான் எங்க போவேன்?" என்றான் ஆவுடையப்பன்.

கொண்டல்சாமி கோயிலுக்குள் இருந்த சப்பரத்தை வெகுநேரம் பார்த்தான். "சாமி சப்பரத்த ஒருத்தனா தூக்குதோம்? மூலைக்கு ஒரு ஆளு. அந்த மாதிரி இதையும் பிரிச்சுக்கிட்டா என்ன?"

மற்ற மூவரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். வேலை உடனே பங்கு போடப்பட்டது. வாய் ஆவுடையப்பனுக்கு. கை கொண்டல்சாமிக்கு. கண் சங்கிலிக்கு. தலையாட்டு பிச்சுமணிக்கு.

"வாய்க்காரன் கைய ஆட்டலாமா?" என்று சங்கிலி கேட்டான்.

"ஆட்டக்கூடாது. சப்பரத்துல முன்மூலைக்காரன் பின்மூலையப் போயித் தொடுவானா?" என்றான் கொண்டல்சாமி.

ஒரு வாரம் பழகினார்கள். சங்கிலி இமைக்காமல் பார்த்துப் பழகியதில் அவன் வீட்டு ஆடு வைக்கோல் தின்பதை நிறுத்திவிட்டது. பிச்சுமணியிடம் அவன் மனைவி, "எங்க அண்ணன் குடும்பத்தோட வந்து ஒரு மாசம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். நன்றாகத் தலையாட்டினான். மூன்றாம் நாள் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். கொண்டல்சாமி சும்மா இருக்கும்போதும் கையை வீசிக்கொண்டிருந்ததால் அவனுக்கு யாரும் பக்கத்தில் இலை போடவில்லை. ஆவுடையப்பன் கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிக்கொண்டு பேசிப் பழகினான். சோறு கோமு ஊட்டினாள், முணுமுணுத்துக்கொண்டே.

எட்டாம் நாள் மறுபடி மேனேஜர் அறை. சப்பரம் தூக்குகிற ஒழுங்கில் நால்வரும் நின்றார்கள்.

"மறுபடியும் பாக்க வந்தீங்களா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார், பேச வந்திருக்கோம்" என்றான் ஆவுடையப்பன். குரல் கணீரென்று வந்தது. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "எங்க ஊரு கோணப்பாறை." கொண்டல்சாமி ஊரளவுக்குக் கையை விரித்தான். "அங்க ஒரு பஸ் வருது." ஸ்டியரிங்கைத் திருப்பினான். "நிக்காம போவுது." கையை ஒரு வீச்சு வீசினான். மேஜையில் இருந்த டீ கிளாஸ் பஸ் போன திசையிலேயே போயிற்று.

மேனேஜர் நனைந்த ஃபைலைத் தூக்கி உதறினார். நிமிர்ந்தால் சங்கிலியின் கண். இடதுபக்கம் நகர்ந்தார், கண்ணும் நகர்ந்தது. "என் மூஞ்சியில ஏதாச்சும் இருக்கா?" என்று கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

இதுதான் முக்கியமான இடம் என்று ஆவுடையப்பன் பேச்சை நிறுத்தினான். ஒன்று, இரண்டு என்று எண்ணினான். மூன்று வருவதற்குள் மேனேஜர் பேச ஆரம்பித்துவிட்டார். இனிக் குறுக்கே பேசக்கூடாது.

"அந்த ரூட்ல காலை வண்டி காலியாத்தான் ஓடுது" என்றார் அவர்.

பிச்சுமணி தலையை ஆட்டினான்.

"ஓ, உங்களுக்கே தெரியுமா? நாங்களும் அந்த வண்டிய எடுத்துரலாம்னுதான் பாக்கிறோம்."

பிச்சுமணி இன்னும் நன்றாக ஆட்டினான்.

"அப்ப உங்க ஊருக்கு ஆட்சேபணை இல்ல?"

பிச்சுமணியின் தலை கழன்று விழுந்துவிடும் போல ஆடியது. மேனேஜர் சந்தோஷமாகப் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டே பேசிக்கொண்டிருந்ததால் ஆவுடையப்பன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான். நிற்காத பஸ்ஸை நிறுத்தச் சொல்லி வந்து, ஓடுகிற பஸ்ஸையும் தொலைத்துவிட்டு நிற்கிறோமே என்று நினைத்தான். கோமு உடம்போடு திரும்பிப் பார்த்தது கண்ணுக்குள் வந்தது. அவனால் பொறுக்க முடியவில்லை. பரிமளா டீச்சரை மனசுக்குள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

"சார், என் பொஞ்சாதி ரெண்டு மாசமா கத்தரிக்காய்க் கூடையத் தூக்கிக்கிட்டு மூணு மைலு நடக்கா, கழுத்து திரும்பல, பஸ்சு நிக்கணும் சார், இவன் தலையாட்டுனத நம்பாதீங்க, நீங்க சொல்லுதத காதுல வாங்குதான், அவ்வளவுதான்."

ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். எண்ணிக்கையும் இல்லை, நிறுத்தலும் இல்லை. இத்தனை வேகத்துக்குக் கொண்டல்சாமியின் கை ஈடுகொடுக்க முடியாமல் கத்தரிக்காயிலேயே நின்றுவிட்டது.

மேனேஜர் பேனாவை வைத்தார். எழுதிய தாளைக் கிழித்துப் போட்டார். "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? சரி, அந்த அம்மா விலக்குல நிக்கும்போது கை காட்டுறாங்களா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கை காட்டணுமா சார்?"

"காட்டாம எப்படிய்யா நிக்கும்?"

"நாங்க மரியாதையா கையக் கட்டிக்கிட்டுல்ல நிப்போம்" என்றான் ஆவுடையப்பன்.

மேனேஜர் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டார். சங்கிலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. "நாளைக்குக் காலையில கை காட்டுங்க. நிக்கும். நான் டிரைவர்கிட்டயும் சொல்றேன். போயிட்டு வாங்க" என்றார்.

ஊரே கொண்டாடியது. மறுநாள் ஆறு மணிக்கே நால்வரும் விலக்குக்கு வந்துவிட்டார்கள். பின்னாலேயே கோமு கூடையோடு வந்தாள். ஆறரைக்குத் தூரத்தில் பஸ் தெரிந்தது. கை கொண்டல்சாமி பொறுப்பு. அவன் ஒரு வாரப் பயிற்சியையும் திரட்டிக் கையைக் காட்டினான்.

பஸ் நின்றது.

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நல்ல காரியம் நடந்திருக்கும்போது நன்றி சொல்லாமல் விடலாமா? படிக்கட்டுக்கு முன்னால் போய் நின்றான். மூவரும் அவரவர் மூலையில் வந்து நின்றார்கள்.

"மதிப்பிற்குரிய கண்டக்டர் அவர்களே" என்று ஆரம்பித்தான். முக்கியமான இடம். ஒன்று, இரண்டு, மூன்று.

"அண்ணாச்சி, ஏறிட்டுப் பேசுங்க, டயம் ஆகுது" என்றார் கண்டக்டர்.

சொன்னபடி ஏறினான். வாய் தனியாகப் போய் என்ன செய்யும்? கை ஏறியது. கண் ஏறியது. தலையாட்டும் ஏறியது. கீழே கோமு, "கூடையத் தூக்கிவிட ஒரு கை குடுங்க" என்று குனிந்துகொண்டிருந்தாள். ஊருக்கு இருந்த ஒரே கை பஸ்ஸுக்குள் போய்விட்டது. கண்டக்டர் விசில் ஊதினார்.

கோமு கூடையைப் போட்டுவிட்டு, கத்தியபடி பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்தாள். நால்வரும் பின்பக்கக் கண்ணாடிக்கு விரைந்தார்கள். சங்கிலி அவள் கண்ணை இமைக்காமல் பார்த்தான். பிச்சுமணி அவள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினான். கொண்டல்சாமி கையை நன்றாக வீசிக் காட்டினான்.

"பஸ்ஸ நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி, அந்த அம்மா உங்க வீட்டுக்காரங்கதான?" என்றார் ஜன்னலோரத்தில் இருந்த ஒரு பெரியவர்.

"சத்தம் போடாதீங்க" என்றான் ஆவுடையப்பன். "அவ பேசிக்கிட்டு இருக்கா. முடிக்கட்டும், அப்புறம் சொல்லுதேன்."

கோமு இன்னும் முடிக்கவில்லை.