கம்பெனிதான் வேற

"டீச்சர், இந்த டிரைவரை எங்க இருந்துதான் எடுக்குறது?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அடங்குமுன்பே ராமசுப்பு அண்ணாச்சி கேட்டுவிட்டார்.

சாத்தூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர் அண்ணாச்சி. வயது ஐம்பத்தாறு. டீச்சருக்கு இருபத்தெட்டு. பெயர் ஜெனிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். அண்ணாச்சிக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு அவர் டீச்சர்.

"எந்த டிரைவர் அண்ணாச்சி?" டீச்சர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். பாதி முறுக்கு கொட்டியது.

"கிராபிக்ஸ் கார்டு டிரைவர். திரையில படம் நல்லா ஓடணும்னா கார்டுக்கு அதுதான் வழி சொல்லணுமாமே."

"ஓடலையா?"

"ஓடுது ஓடுது, இறங்கும்போது இருட்டடிச்சிருது!"

அண்ணாச்சி நிஜத்தில் ஒரு விமானத்திலும் ஏறியதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில், விமானம் ஓட்டும் விளையாட்டில் இருநூறு மணி நேரம் பறந்திருக்கிறார். அவரைப் போலவே வீட்டிலிருந்து பறக்கிற இருபது பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். அன்று ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்குப் பரீட்சை. இருபது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மதுரையில் விமானத்தை இறக்கிக் காட்ட வேண்டும். தேறினால் கிளப்பில் அவர் பெயருக்கு ஒரு விமான எண் கிடைக்கும்.

இரண்டு முறை தோற்றாயிற்று. இரண்டு முறையும் இரண்டாயிரம் அடி உயரத்தில் திரை கறுத்துப்போனது. மூன்றாவதும் போனால் அடுத்த வாய்ப்பு ஒரு வருஷம் கழித்துத்தான்.

"கிளப்புல டிரைவரை அப்டேட் பண்ணுங்கன்னாங்க. பண்ணினேன்."

"எங்க இருந்து எடுத்தீங்க?"

"அதைத்தானே கேக்க வந்தேன்! மச்சான் மகன் ஒரு லிங்க் அனுப்பினான், அதைப் போட்டேன். யூடியூப்ல ஒருத்தர் அது ஆகாது, இதுதான்னார். இதையும் போட்டேன். அப்புறம் இலவசமா ஒண்ணு இருக்கு டீச்சர், அதுவே தேடி அதுவே போட்டுரும். பச்சை பட்டன், சோத்துத் தட்டு அகலத்துக்கு இருக்கும். அதையும் அமுக்கினேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாம் ஒண்ணுதானே!" அண்ணாச்சி முகத்தில் ஒரு தொழில்காரரின் பெருமிதம். "நம்ம கடையிலயும் கேப்பாங்க, ஏன் பேர் மாறியிருக்குன்னு. அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேறன்னு சொல்லி அனுப்புவேன். முப்பது வருஷமா அதானே சொல்லுதேன். ஆனா இதுல எது பெஸ்ட்டுன்னு தெரியணும். அதை மட்டும் சொல்லுங்க."

டீச்சர் கீபோர்டை நிமிர்த்தி வைத்தார்.

"மத்தியானம் கடைக்கு வாரேன்."

"கடைக்கா? கம்ப்யூட்டர் வீட்டுல இருக்கு டீச்சர்!"

"தெரியும்."

அண்ணாச்சிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பெஸ்ட் எது என்று கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். படியிறங்கும்போது பதினெட்டுப் படிக்கும் பதினெட்டு முறை முணுமுணுத்தார்.

பன்னிரண்டரைக்கு டீச்சர் வந்தார். கடையில் வேறு ஆள் இல்லை.

"அண்ணாச்சி, தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒரு மாத்திரை."

அண்ணாச்சி டப்பாவைத் திறந்தார். அட்டையில் பெயரும் தேதியும் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து ஒரு மாத்திரையைக் கத்தரித்தார். மிச்ச அட்டையில் தேதி நிற்க வேண்டும். அவர் கை தானாகவே செய்கிற வேலை அது.

டீச்சர் அதை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெள்ளையாக ஒரு வில்லை.

"பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் சும்மாவே கொடுத்தார். இதையே போட்டுக்கிடுதேன். தண்ணி மட்டும் கொடுங்க."

"யாரு கொடுத்தா?"

"தெரியாது. நல்லாப் பேசினார்."

"என்ன மாத்திரை அது?"

"எல்லாத் தலைவலிக்கும் கேக்குமாம்."

டீச்சர் வாயைத் திறந்தார்.

அண்ணாச்சி மேஜையைச் சுற்றி வரவில்லை. அதன் மேலேயே பாய்ந்தார். இருமல் மருந்து பாட்டில் இரண்டு உருண்டன. டீச்சர் கையைத் தட்டிவிட்ட வேகத்தில் வில்லை எகிறித் தெருவில் போய் விழுந்தது.

"புத்தி கெட்டுப்போச்சா டீச்சர்! படிச்ச பிள்ளை செய்யுற வேலையா இது? எவன் செஞ்சான்னு தெரியாது, எப்பச் செஞ்சான்னு தெரியாது, உள்ள என்ன இருக்குன்னு தெரியாது! உங்களுக்கு என்ன நோவுன்னு அவனுக்குத் தெரியுமா? உங்களுக்கு எது ஒத்துக்கும்னு தெரியுமா? சும்மா கொடுத்தானாம், வாங்கினாங்களாம்! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தக் கம்பெனி வாசல்ல போய் நிப்பீங்க?"

கோபமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

டீச்சர் உருண்ட பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அதே மருந்துதான் அண்ணாச்சி. கம்பெனிதான் வேற."

அண்ணாச்சி தெருவில் கிடந்த வில்லையைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் பொட்டலத்திலிருந்து இன்னொரு வில்லையை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடை முழுக்க பெப்பர்மிண்ட் வாசம்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. ஷட்டரை இழுத்தார். பூட்டினாரா என்று பார்க்கக்கூட நிற்காமல் வண்டியை உதைத்தார்.

வீட்டில் முதல் வேலையாக, போட்ட டிரைவர்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தார். வாங்கி மூன்று வருஷமாயிற்று. உள்ளே பார்ப்பது இதுதான் முதல் தடவை.

தூசியை ஊதினார். தும்மினார். மாத்திரை அட்டையின் பொடி எழுத்துப் படிக்கிற லென்ஸைக் கார்டின் மேல் பிடித்தார்.

கம்பெனி பெயர் இருந்தது. மாடல் எண் இருந்தது. இத்தனை நாளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"நீதானா அது!" என்றார் சத்தமாக.

அடுக்களையிலிருந்து மனைவி முத்துலட்சுமி எட்டிப் பார்த்தாள். "யார்ட்ட பேசுதீக?"

"கார்டுகிட்ட."

அவள் போய்விட்டாள்.

பெட்டியை மூடிக் கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்துக்கே போனார். மாடல் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். ஒரே ஒரு டிரைவர் வந்தது. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

மணி நாலேகால். பழையதைப் போடுவதா என்று மனசு இழுத்தது. அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு துள்ளியது. அந்தப் பச்சை பட்டன் இலவசச் சாமான் முழுசாகப் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போனை எடுத்தார்.

"டீச்சர்! கம்பெனி கொடுக்குறது பழசா இருக்கு. இங்கே ஒண்ணு புத்தம்புதுசுங்குது!"

"வேற என்ன சொல்லுது?"

"கம்ப்யூட்டர் பெரிய ஆபத்துல இருக்காம். இப்பவே அமுக்கணுமாம்."

"உங்க கடைக்கு வாரவங்கள நீங்க இப்படிப் பயமுறுத்தித்தான் மாத்திரை விப்பீங்களோ?"

"சேச்சே!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அண்ணாச்சி சிவப்பை மூடினார். ஒட்டிக்கொண்டிருந்ததைத் தேடிப் பிடித்து வேரோடு பிடுங்கினார். கார்டு கம்பெனி தன் கார்டுக்கென்றே கொடுத்த பழையதைப் போட்டார்.

ஐந்து மணி.

"அண்ணாச்சி, தயாரா?" ஹெட்போனில் ரெஜினால்ட். கிளப்பின் தலைவர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள்.

"தயார் கேப்டன்."

ஐயாயிரம் அடி. கீழே வைகை தெரிந்தது. மூவாயிரம்.

இரண்டாயிரம்.

அண்ணாச்சி மூச்சைப் பிடித்துக்கொண்டார். முத்துலட்சுமி கரண்டியோடு பின்னால் வந்து நின்றிருந்தாள். அவளும் பிடித்துக்கொண்டாள்.

திரை கறுக்கவில்லை.

ஆயிரத்து எண்ணூறு. ஆயிரம். ஐந்நூறு. ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக எண்ணுகிற அளவுக்குத் துல்லியமாக வந்தன. அவருக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நூறு. ஐம்பது. சக்கரம் தொட்டது, ஒரு துள்ளு துள்ளியது, மறுபடியும் தொட்டது, ஓடியது, நின்றது.

"எறக்கிட்டேன்! முத்து, எறக்கிட்டேன்!"

ஹெட்போனில் இருபது பேரின் கூச்சல். சிலர் விசில். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார், கூச்சப்படாமல்.

"பாஸ் அண்ணாச்சி, பாஸ்!" என்றார் ரெஜினால்ட். "ஆமா, ரெண்டு தடவை கறுத்துச்சே, இன்னைக்கு மட்டும் எப்படி? எந்த டிரைவர் போட்டீங்க? லிங்க்கைக் குரூப்ல போடுங்க. நாங்க இருபது பேரும் இப்பவே போட்டுருறோம்."

சந்தோஷத்தில் அண்ணாச்சியின் விரல் லிங்க்கைப் பாதி அடித்துவிட்டது.

நின்றது.

அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"தர மாட்டேன் கேப்டன்."

"ஏன் அண்ணாச்சி?"

"அது என் கார்டுக்கு எழுதின மருந்துச் சீட்டு. உங்க கார்டுக்கு என்ன பேரு?"