மிக்சர் தின்ற கிளியும் கொய்யாப்பழமும்

கொய்யாத் தோப்பில் ஒரு கூண்டு தொங்கியது. கூண்டுக்குள் டிங்கு என்ற கிளி. கூண்டுக்குக் கீழே ஒரு காட்டுப்பூனை. கிளிக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா நிறைய மிக்சர்!

டிங்குவை வளர்த்த குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோனது. போகிற வழியில் தோப்பில் இறங்கி, கூண்டைக் கிளையில் மாட்டி, டப்பாவை உள்ளே வைத்து, கதவைத் திறந்து விட்டார்கள். "சந்தோஷமா இரு!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொல்லிவிட்டால் போதுமா? பறக்கத் தெரிய வேண்டாமா?

டிங்குவுக்குப் பறக்க வராது. மிக்சர், பிஸ்கட், வறுத்த முந்திரி என்று தின்று தின்று உடம்பு பெருத்திருந்தது. இறக்கையை விரித்தால் மூச்சு வாங்கும். இறகோ பிடி பிடியாகக் கொட்டியது. உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: பூனை வந்தால் கதவை அலகால் இழுத்துக் கொக்கி போட்டுக்கொள்ளும்.

பூனைக்கு அவசரமே இல்லை.

"நல்லா சாப்பிடு மாப்பிள்ளை!" என்றது. "டப்பா காலியானா கவலைப்படாதே. கீழே இறங்கி வா. மாமா வேற மிக்சர் தர்றேன்!"

"சரிங்க மாமா!" என்றது டிங்கு. வெகுளி!

பக்கத்துக் கிளையில் இருந்த ஓர் அணில் இதைக் கேட்டது. அது மைனாவிடம் ஓடியது.

"மைனாண்ணே, அந்தப் பிள்ளை பழத்தைத் தொட்டே பார்க்கலை. டப்பா தீர்ந்ததும் கீழே இறங்கிடும். அப்புறம் அதைப் பூனை வாயில இருந்துதான் எடுக்கணும்!"

மைனா கொஞ்சம் முன்கோபி. ஒரு கோவைப்பழத்தைக் கவ்விக்கொண்டு நேரே கூண்டுக்குப் போனது.

"டேய்! இதைத் தின்னு!"

"சீ! ஈரமா இருக்கு!"

"தின்னுடான்னா!"

"நொறுநொறுன்னு இல்லையே!"

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "பசிச்சா தானா தின்பே!" என்று டப்பாவைக் கதவு வழியாக ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டது. மிக்சர் முழுக்கத் தரையில் சிதறியது.

கெட்டது போ! புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்த வேலை அது. அன்று முழுக்க டிங்கு எதையும் தின்னவில்லை. கீழே கிடக்கும் மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் கொக்கியை எடுத்துக் கதவைத் தள்ளியது. ஒரு காலை வெளியே வைத்தது. புதருக்குள் பூனையின் வால் ஆடியது.

"அய்யோ, நில்லு!" என்று அணில் கத்தியது. சரசரவென்று கீழே இறங்கி, இரண்டு கன்னத்திலும் மிக்சரை அடைத்துக்கொண்டு, பூனை பாய்வதற்குள் மேலே ஏறிவிட்டது. மைனாவோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது.

டிங்கு அந்த மிக்சரைக் கொறிக்கும்போது அணில் கேட்டது. "அந்த வீட்டில உனக்கு யாரு ஊட்டுவாங்க?"

"ஊட்டுறதா? ஊட்டினா நான் தொடவே மாட்டேனே! அய்யா டிவி பார்த்துக்கிட்டே மிக்சர் தின்பாரு. நான் அவர் தோளில் உட்கார்ந்து தட்டில இருந்து பிடுங்குவேன். பிடுங்கினாத்தான் ருசி!"

"அடி சக்கை!" என்றது அணில்.

மறுநாள் காலையில் ஒரு பழுத்த கொய்யாவோடு வந்து டிங்குவின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, சப்புக் கொட்டிக் கொட்டித் தின்றது.

டிங்கு எட்டிப் பார்த்தது. "அணிலக்கா, என்ன அது?"

"உனக்குப் பிடிக்காது."

"கொஞ்சம் காட்டுங்களேன்!"

"மாட்டேன் போ!"

லபக்! டிங்கு ஒரு துண்டைப் பிடுங்கிவிட்டது. வாயில் போட்டதும் முகத்தைச் சுளித்தது. துப்பப் பார்த்தது. அணில் விடுமா? "என் பழத்தைப் பிடுங்கிட்டான்!" என்று ஊரைக் கூட்டியது. துப்பினால் மானம் போகுமே! டிங்கு விழுங்கிவிட்டது.

அடுத்த நாள் பழத்தின்மேல் மிக்சர்த் தூளைத் தூவிக்கொண்டு வந்தது அணில். டிங்கு பிடுங்கியது. பிறகு வந்த நாட்களில் தூள் குறைந்துகொண்டே வந்தது, பழம் கூடிக்கொண்டே வந்தது. கொய்யா, கோவை, நாவல், முருங்கைப்பூ என்று எது வந்தாலும் டிங்கு பிடுங்கியது. மைனாவும் இப்போது திட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தின்றது. தன் பங்கையும் பறிகொடுத்தது.

அணில் உட்காரும் இடமும் மாறியது. இன்று இந்தக் கிளை, நாளை அடுத்த கிளை. பிடுங்க வேண்டுமானால் டிங்கு இறக்கை அடித்துத்தான் வர வேண்டும். முதலில் விழுந்து விழுந்து வந்தது. பிறகு தத்தி வந்தது. கொட்டின இடத்தில் பச்சைப் பசேலென்று புது இறகு முளைத்தது.

கீழே காத்திருந்த பூனை இளைத்துப் போனது. ஒரு நாள் பொறுமை கெட்டு, மரமேறி, கூண்டின்மேலேயே பாய்ந்தது. கிளை ஒடிந்தது. கூண்டு படாரென்று தரையில் விழுந்தது.

"டிங்கு!" என்று அலறின அணிலும் மைனாவும்.

தூசி அடங்கியது. பூனை கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவியது. உள்ளே இரண்டு பழைய இறகுதான் இருந்தது.

"மாமா!" என்று ஒரு குரல் கேட்டது.

பூனை அண்ணாந்து பார்த்தது. தோப்பிலேயே உயரமான புளியமரத்தின் உச்சியில் டிங்கு உட்கார்ந்திருந்தது! காலில் ஒரு கோவைப்பழம்.

"டப்பாவில ஒட்டின மிக்சர் இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா. நல்லா சாப்பிடுங்க!"

அணிலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிள்ளைகளே, பெரியவர்களே! அதட்டிப் பிடுங்கினால் எந்தப் பழக்கமும் மாறாது. பக்கத்தில் உட்கார்ந்து கூடவே தின்றால் தானாக மாறும்.