கூப்பிடு தூரம்

நாடு முழுவதையும் ஒரே துணியில் படமாக எழுதித் தரச் சொல்லி அரசன் ஆணையிட்டிருந்த காலம். காடுமேடெல்லாம் கயிறு பிடித்து அளக்க யாரால் முடியும்? ஏரி மடையில் நின்று ஓங்கிக் கூப்பிடுவார்கள். பதில் குரல் வந்தால் அந்த ஊர் கூப்பிடு தூரத்துக்குள் இருக்கிறது. அதற்குத் துணியில் இடமும் உண்டு, ஏரியில் தண்ணீரும் உண்டு.

படம் எழுதிய பொற்காரிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய ஆசான் இளநாகனோ பத்து வயது சின்னவர். அதனால் சீடரை "அண்ணே" என்றுதான் அழைப்பார்.

துணி அரண்மனைக்குப் போகவேண்டிய நாளில், கள்ளிக்குடியிலிருந்து கொற்றி என்றொரு பெண் பொற்காரியிடம் ஓடி வந்தாள்.

"எங்க ஊரை ஏன் ஐயா விட்டுட்டீங்க? நெல்லு பால் பிடிக்கிற நேரம். இப்பத் தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதராப் போயிடும்."

"நான் என்னம்மா செய்ய? தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒருத்தரும் பதில் சொல்லலையே."

கொற்றி ஏதோ சொல்ல வந்தாள். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

பொற்காரிக்கு மனசு கேட்கவில்லை. ஆசானிடம் போய், "விட்டதும் பாவம், பொய்யாச் சேர்த்தாலும் பாவம். என்ன செய்யட்டும்?" என்றார்.

ஆசான் எழுந்து நடந்தார். பொற்காரியும் கொற்றியும் பின்னாலேயே போனார்கள். மடைக்கு வந்ததும் மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சேற்றில் இறங்கினார். முழங்கால் வரை புதைந்துவிட்டது.

"ஐயோ, கால் மாட்டிக்கிச்சே! யாராச்சும் வாங்களேன்!"

"இதோ வந்துட்டோம்! அசையாதீங்க!" என்று கள்ளிக்குடிப் பக்கமிருந்து குரல்கள் வந்தன. கொஞ்ச நேரத்தில் கயிறும் கழியுமாகப் பாதி ஊரே ஓடி வந்து அவரை இழுத்துக் கரையில் போட்டது.

பொற்காரி திகைத்துப்போனார். "அப்போ அன்னிக்கு நான் கூப்பிட்டது?"

கொற்றிக்கு இப்போது தைரியம் வந்திருந்தது. "நல்லாவே கேட்டுச்சு ஐயா. 'அரண்மனை ஆள் வந்திருக்கேன், எவன்டா அங்கே'ன்னீங்க. வரி கேட்க வந்துட்டாங்கன்னு ஆடுமாட்டை ஓட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டோம்."

பொற்காரிக்கு முகம் சுண்டிப்போனது. "ஆசானே, என் அளவு தப்பாப் போச்சா?"

ஆசான் காலிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டே சொன்னார்:

"அளவு சரிதான் அண்ணே. கூப்பிடு தூரத்தை அளக்கச் சொன்னாங்க. நீங்க மிரட்டு தூரத்தை அளந்துட்டு வந்திருக்கீங்க."